ஓர் ஆளுக்கு எம்புட்டு ஆகும்

சேசு மரி சூசை துணை

கோச்சடை, மதுரை
20-1-1936

என் பிரியமுள்ள ராக்கினிக்குப் பிலோமினாள் எழுதுவது.

நீயும் அண்ணனும் பிள்ளைகளும் பினாங்கில் சுகமாக இருக்கத் தேவமாதாவை வேண்டுகிறேன். என் சுகத்தைக் கேட்காதே. போன வைகாசியில் வாந்திபேதி வந்து முதலில் இவுக போனாக. அந்த வாரமே மூத்தவன் சேசுராஜும் போனான். உனக்கு அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தால் முதல் வரியோடு கை நின்றுவிடும். மடத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்தும் அம்புட்டு ஓடாது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

இப்போது எழுதுவது ஒரு காரியத்துக்காக. எனக்கு மிச்சம் சின்னவன் ஆசீர்வாதம் ஒருத்தன்தான். இருபது வயசாகிறது. சிங்கப்பூரில் கப்பல் சரக்குக் கிட்டங்கியில் கணக்கெழுத ஆள் வேண்டுமாம், மாசம் இருபத்தெட்டு வெள்ளி சம்பளமாம். கூடப் படித்த பையன் எழுதிவிட்டான். அன்றிலிருந்து இவனுக்குச் சோறு இறங்கவில்லை. "பினாங்குல ராக்கினி அத்தை இருக்காகல்ல, அங்கன ஒரு ஆளுக்கு மாசம் எம்புட்டு ஆகும்னு கேளும்மா. அதத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் கப்பலேறுவேன்" என்கிறான். கணக்குப் பார்க்காமல் எதையும் செய்யமாட்டான், அவுக அப்பா மாதிரி.

ராக்கினி, நீ செலவைக் கூட்டி எழுது. வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். உள்ளதை எனக்கு ஒரு தாளில் எழுது. அவன் படிக்க இன்னொரு தாளில் ஒன்றுக்கு இரண்டாக எழுது. ஆஸ்பத்திரிச் செலவை மட்டும் நன்றாக ஏற்றிப் போடு. அதற்குத்தான் அவன் பயப்படுவான். அப்பனுக்கும் மூத்தவனுக்கும் டாக்டரை வீட்டுக்கே கூட்டி வந்து காட்டியதில் என் தோடும் போனது, மாடும் போனது, அவர்களும் போனார்கள். எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தவன் அவன்.

இருக்கிற ஒரு உயிரைக் கடலுக்கு அந்தப் பக்கம் விடமாட்டேன்.

உன்
பிலோமி

---

பினாங்கு
9-2-1936

பிலோமிக்கு,

உன் கடிதத்தைப் பாதிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. இவுக வாங்கி வாசித்தாக. சேசுராஜை நான் இடுப்பில் தூக்கிக்கொண்டு வைகைத் தண்ணீரில் நனைத்தவள். எனக்கு ஒரு கார்டு போட உனக்குத் தோன்றவில்லையே. உன்மேல் கோபமாக வருகிறது. கோபப்படவும் மாட்டாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ கேட்ட உள்ள விலை இது. ஓர் ஆளுக்கு அரிசி, மீன், காய், எண்ணெய் எல்லாம் ஏழு வெள்ளிக்குள் அடங்கும். நாலு பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்தால் தலைக்கு ஒன்றரை வெள்ளி. விறகு, சவுக்காரம், முடிவெட்டு என்று இன்னொரு ஒன்றரை. பத்து வெள்ளியில் ஓர் ஆள் வயிறாரச் சாப்பிட்டு இருக்கலாம். சிங்கப்பூருக்கு ஒரு வெள்ளி கூட வைத்துக்கொள். நம் ஊர்க் காசுக்கு ஒரு வெள்ளி ஒன்றரை ரூபாய்க்கு மேலே. ஆஸ்பத்திரிக்குக் காசே கிடையாது. இவுக இங்கே சர்க்கார் ஆஸ்பத்திரியில்தானே ஆர்டர்லி. இல்லாதவனுக்கு மருந்தும் கஞ்சியும் சும்மாதான் கொடுக்கிறார்கள். சிங்கப்பூரிலும் அப்படித்தான் என்கிறாக.

பொய்க் கணக்கைத் தனித் தாளில் எழுதி இதற்குள் வைத்திருக்கிறேன். இவுக சத்தம் போட்டாக. "ஒரு புள்ள பொழப்பக் கெடுக்க ரெண்டு பொம்பளைக சேந்துக்கிட்டீகளாக்கும்" என்றாக. உன் முகத்தை நினைத்துக்கொண்டு எழுதிவிட்டேன். எனக்கு நல்லதாகப் படவில்லை.

ராக்கினி

---

பினாங்கு
9-2-1936

அன்பு மருமகன் ஆசீர்வாதத்துக்கு ராக்கினி அத்தை எழுதுவது.

நீ கேட்ட கணக்கு. சோற்றுக்குப் பதினாலு வெள்ளி. இங்கே ஒரு கீரைக்கட்டு வாங்குகிற காசுக்கு நம் ஊரில் ஆட்டுக்கால் வாங்கலாம். அறைக்கு நாலு வெள்ளி, அதிலும் கால் நீட்டினால் அடுத்தவன் முகத்தில் இடிக்கும். விறகு, சவுக்காரம், துணிமணிக்கு நாலு வெள்ளி. தினம் மழை. மாசம் ஒரு குடை கிழியும்.

காய்ச்சல் என்று மட்டும் படுத்துவிடாதே. டாக்டர் கையைப் பிடித்துப் பார்க்க ஐந்து வெள்ளி. ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளைக்கு மூன்று வெள்ளி. கட்டாதவன் பெட்டியைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். மாமா அங்கேயே வேலை பார்க்கிறதால் சொல்கிறேன்.

அம்மாவை யோசித்துக்கொள்.

அத்தை
ராக்கினி

---

கோச்சடை
14-3-1936

ராக்கினிக்கு,

இரண்டு தாளும் வந்தன. என் தாளை அடுப்பில் வைத்துவிட்டு அவன் தாளை அவனிடம் கொடுத்தேன். வாசல்படியில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படித்தான். அப்புறம் சிரித்தான்.

"மாசத்துக்கு ஒரு குடையா? அத்தை குடைய வச்சு மாடு கீடு ஓட்டுறாகளாம்மா?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் போனபிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

பிறகு கரித்துண்டை எடுத்துத் தரையில் கூட்டினான். இருபத்தெட்டில் இருபத்திரண்டு போனால் ஆறு மிச்சம் என்றான். "ஆறு வெள்ளின்னா ஒம்பது ரூவாய்க்கு மேலம்மா. இங்கன எனக்கு என்ன மிஞ்சுது?"

"காச்சல் கண்டா என்னடா செய்வ?" என்றேன்.

"காணாமப் பாத்துக்கிடுவேன். ஆறு ஆறாச் சேத்து ஒன்னையும் கூட்டிக்கிடுறேன். நீ இந்த வீட்ல ஒத்தையில கெடந்து செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்க வேணாம்" என்றான்.

பயமுறுத்தக் கேட்ட கணக்கு அவனுக்கு வழிச்செலவுக் கணக்காகப் போய்விட்டது. உன் தாளை மடித்துச் செபமாலைப் பையில் போட்டுக்கொண்டான். பாஸ்காத் திருநாள் கழிந்து நாகப்பட்டினத்தில் கப்பல். பினாங்கில் ஒரு பகல் நிற்குமாம். நீ போய்ப் பார். கும்பிட்டுக் கேட்கிறேன், உள்ளதைச் சொல்லிவிடாதே. பயம் இருந்தால் ஆறு மாசத்தில் திரும்பி வருவான். பயம் போய்விட்டால் வரவே மாட்டான்.

பிலோமி

---

பினாங்கு
26-4-1936

பிலோமிக்கு,

உன் பிள்ளையைப் பார்த்தேன். அம்புட்டுக் கூட்டத்திலும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, உன் நெற்றி அவனுக்கு. சோறும் மீன்குழம்பும் கொண்டுபோயிருந்தேன். துறைமுகத்து மரத்தடியில் உட்கார்ந்து, கை வைக்கிறதுக்கு முன்னால் "இம்புட்டு மீனுக்கு எம்புட்டு ஆச்சு அத்தை?" என்று கேட்டான். "ஓசியில வந்துச்சு, தின்னுடா" என்றேன்.

கையில் ஐந்து வெள்ளி கொடுத்தேன், வாங்கவில்லை. "டாக்டருக்கு வச்சிருங்க அத்தை. ஒங்க ஊர்ல அவருக்குத்தான் நெறய வேணும்" என்று சிரித்தான். சிரிக்கும்போதே இருமல் வந்தது. கப்பல் தளத்தில் ஈரத்தில் படுத்து வந்தது என்றான்.

இவுக பக்கத்தில் நின்றாக. சொல்லட்டுமா என்பதுபோல் என்னைப் பார்த்தாக. வேண்டாம் என்று நான்தான் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்தது முதல் அது என்னை அரிக்கிறது.

பிலோமி, அரிசி விலையை அவனே கடையில் பார்த்துக்கொள்வான். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காதவனுக்கு அந்த விலை எப்படித் தெரியும்? அதை மட்டும் ஒரு கார்டில் எழுதிவிடுகிறேன். சரி என்று ஒரு வார்த்தை போடு.

ராக்கினி

---

கோச்சடை
30-6-1936

ராக்கினிக்கு,

அவனிடமிருந்து கடிதம் வருகிறது. உன் கணக்கில் பாதிதான் ஆகிறதாம். "அத்தை வெள்ளைக்காரன் கடையில் வாங்குறாக போல" என்று கேலியாக எழுதியிருக்கிறான். பத்துப் பதினோரு வெள்ளியில் எல்லாம் முடிகிறதாம். மிச்சத்தைத் தபாலாபீசில் போடுகிறானாம். வருகிற பாஸ்காவுக்குள் என்னைக் கூட்டிக்கொள்வானாம். ஆனால் எனக்கு அந்த ஊர்த் தண்ணீர் சேராமல் நோவு வந்தால் டாக்டருக்கு வேண்டுமாம். அதற்கென்று அறுபது வெள்ளி தனியாக வைத்த பிறகுதான் டிக்கெட்டாம். இருமல் இன்னும் விடவில்லை என்று கடைசி வரியில் போட்டிருக்கிறான்.

நான் எங்கே வருவேன் ராக்கினி? இங்கே இரண்டு கல்லறையை யாரிடம் விட்டுவிட்டு வருவேன்? அவன்தான் திரும்ப வேண்டும்.

நீ கேட்டதற்குச் சரி என்று எழுத எனக்கு மனசில்லை. மற்ற விலையெல்லாம் வெளுத்துப்போயிற்று. ஆஸ்பத்திரி ஒன்றுதான் நிற்கிறது. ஒரு காய்ச்சல் கண்டால், காசுக்குப் பயந்து கப்பலேறிவிடுவான். பெற்றவள் கேட்கிற வரமா இது என்று நினைப்பாய். நினைத்துக்கொள். சின்னக் காய்ச்சலாக வரட்டும் என்றுதான் தேவமாதாவிடம் கேட்கிறேன்.

கார்டு எழுதாதே.

பிலோமி

---

பினாங்கு
12-9-1936

பிலோமி,

தந்தி வந்திருக்கும். அதில் இதையெல்லாம் எப்படிப் போடுவது? இவுக சிங்கப்பூர் போய் நேற்றுத்தான் திரும்பினாக. இவுக சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மறைக்கிறது போதும்.

ஆவணியில் காய்ச்சல் கண்டு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. கூட இருந்த பையன், முத்திருளன் என்று பேர், நம் உசிலம்பட்டிப் பக்கம்தான், ஆஸ்பத்திரிக்கு வா என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். "சும்மாதான் பாப்பாக, வாடா மாப்ள" என்றும் சொல்லியிருக்கிறான். உன் பிள்ளை நம்பவில்லை. "எங்க மாமா பினாங்குல ஆஸ்பத்திரியிலயே இருக்காரு. அவுகளுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரியுமாக்கும்? கையில இருக்கது எங்கம்மாவுக்கு வச்ச காசு. அதத் தொடமாட்டேன்" என்றானாம். சுக்கும் மிளகும் காய்ச்சிக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டானாம்.

நினைவு தப்பின பிறகு தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி அடுத்த தெருதான். மறுநாள் உயிர் போய்விட்டது. ஒரு காசு கேட்கவில்லை பிலோமி.

உயிர் போகுமுன் சாமியார் வந்து அவஸ்தைப் பூசுதல் கொடுத்தார். அடக்கத்துக்கு முத்திருளனும் கிட்டங்கி ஆட்களும் நின்றார்கள். மரச்சிலுவை ஒன்று நட்டிருக்கிறது. தபாலாபீஸ் புத்தகத்தில் அறுபத்திரண்டு வெள்ளி இருந்தது. அது உன் பேருக்கு வந்துசேரும்.

நீ சொன்னாய், நான் எழுதினேன் என்று தப்பிக்கமாட்டேன். செபமாலைப் பையில் இருந்தது என் கையெழுத்து. இவுக என்னோடு பேசுவதில்லை. நீ திட்டியாவது ஒரு வரி எழுது.

ராக்கினி

---

கோச்சடை
2-11-1936

ராக்கினிக்கு,

உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. இந்தக் கடிதத்தை அண்ணனிடம் காட்டு. கார்டு எழுதாதே என்று தடுத்தவள் நான். காய்ச்சல் வரட்டும் என்று கேட்டவளும் நான். கேட்டேன், வந்தது. அண்ணனை உன்னோடு பேசச் சொல்.

இன்று கல்லறைத் திருநாள். விடியுமுன் போய் இரண்டு கல்லறையையும் மெழுகி, செவ்வந்திப்பூப் போட்டு, மெழுகுதிரி கொளுத்தினேன். மூன்று திரி வாங்கியிருந்தேன். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற பொம்பளை, "ரெண்டுக்கும் நடுவுல வச்சிருங்கக்கா" என்றாள். வைக்கவில்லை. மடியில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன்.

இங்கே கிடக்கிற இரண்டு பேருக்கும் பங்கு மக்கள் இருக்கிறார்கள். அடுத்த கல்லறைக்கு வருகிறவர்கள் யாராவது ஒரு திரி வைத்துவிட்டுப் போவார்கள். அங்கே அவனுக்கு யார் இருக்கிறது? அந்த முத்திருளன் எத்தனை வருஷம் போவான்?

பணம் வந்தது. தொடவில்லை. நான் வந்து சேரத்தான் அவன் வைத்தது, அதற்கே ஆகட்டும். பாஸ்கா கழிந்து கப்பலேறுகிறேன். சிங்கப்பூரில் ஏதாவது மடத்தில் துணி துவைக்க, பாத்திரம் துலக்க ஆள் வேண்டுமா என்று அண்ணனை விசாரிக்கச் சொல்.

ஓர் ஆளுக்கு அங்கே மாசம் எம்புட்டு ஆகும் என்று எழுது. அரிசிக்கு எம்புட்டு, தலை சாய்க்க ஓர் இடத்துக்கு எம்புட்டு, கல்லறைத் தோட்டம் தூரமாக இருந்தால் வண்டிக்கு எம்புட்டு. மெழுகுதிரி விலையையும் சேர்த்துக்கொள்.

இந்தத் தடவை ஒரே தாள் போதும். உள்ளதை எழுது.

பிலோமினாள்