டன்ராவனில் நான் உதைக்காத உதை

அனுப்புநர்:
லம்பர்ட் ஜெலினெக்,
மூன்றாம் ஆண்டு, தத்துவம்,
டன்ராவன் கல்லூரி,
டன்ராவன், நெப்ராஸ்கா.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
சமவெளிக் கல்லூரிகளின் கால்பந்துக் கூட்டமைப்பு,
லிங்கன், நெப்ராஸ்கா.

பொருள்: 12.11.1938 அன்று நடந்த டன்ராவன் – கிளெம்ஃபோர்டு ஆட்டத்தின் பதிவில் "ஜெலினெக்: உதை தவறியது" என்றுள்ள வரியைத் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

ஆட்டத்தின் முடிவை மாற்றும்படி நான் கேட்கவில்லை. ஆறுக்கு ஆறு. அது அப்படியே இருக்கட்டும். மாற்ற வேண்டியது ஒரு வரி மட்டும்.

1. பந்தோடு ஓடி எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடந்தால் ஆறு புள்ளி. உடனே ஒரு வாய்ப்பு தரப்படும். பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் இன்னும் ஒரு புள்ளி. தாங்கள் அறிந்ததே. எங்கள் அணியில் அந்த ஒன்று நான். என் எடை நூற்று முப்பது பவுண்டு. வேறெதற்கும் என்னைக் களத்தில் விடுவதில்லை.

2. சென்ற ஆண்டு எங்கள் அணி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. இந்த ஆண்டின் முதல் ஏழு ஆட்டங்களிலும் அதே நிலை. ஆறு வராமல் ஒன்று வராது. நான் பெஞ்சில் இருந்தேன். சலவைக்குப் போடும் என் ஆட்டச் சட்டையைத் திருமதி ஓல்சன் அப்படியே திருப்பித் தந்துவிடுவார். "இதுல தொவைக்க என்னப்பா இருக்கு? போட்டா வெளுத்துதான் போகும்."

3. எட்டாவது ஆட்டம். கடைசி ஆட்டமும் அதுவே. கிளெம்ஃபோர்டு ஆறு, நாங்கள் பூஜ்ஜியம். கடைசி நிமிடத்தில் எதிரணி நழுவவிட்ட பந்தை எங்கள் தலைவர் ரூபன் ஸ்வான்சன் எடுத்துக்கொண்டு ஓடினார். நாற்பது கெஜம். யாரும் தடுக்கவில்லை. கோட்டைக் கடந்த பிறகும் நிற்காமல் ஓடினார். எங்கே நிற்பது என்று அவருக்குப் பழக்கமில்லை.

ஆறுக்கு ஆறு.

பயிற்சியாளர் டார்ப் என்னைப் பார்த்தார். "லம்பர்ட்! நீதாண்டா! ஓடு! டேய், அது என் தொப்பிடா, ஹெல்மெட்ட எடுத்து மாட்டு!"

4. வெற்றி பெற்றால் கம்பங்களை அறுத்துச் சாய்ப்பது எங்கள் மாணவர்களின் வழக்கம். அதற்கென்று ஒரு ரம்பத்தை ஒவ்வொரு சனிக்கிழமையும் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் திரும்ப எடுத்துப் போவார்கள். இரண்டு ஆண்டுகளாக யாரும் ஒரு புள்ளியைக்கூடப் பார்த்ததில்லை. சமன் என்று ஒன்று உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. புள்ளி வந்துவிட்டது, ஆகவே ஜெயித்துவிட்டோம். முந்நூறு பேர், வாத்தியக் குழு உட்பட, கம்பங்களை நோக்கி ஓடினார்கள்.

5. நான் களத்துக்குள் வந்தபோது அறுப்பு தொடங்கியிருந்தது. பார்த்தது நான் மட்டும். என் அணியினர் கம்பங்களுக்கு முதுகு காட்டி வட்டமாக நின்றிருந்தார்கள். புதிதாக உள்ளே வருபவர் அடுத்த நகர்வு முடியும்வரை சக வீரர்களிடம் பேசக்கூடாது என்பது தங்கள் விதி. நான் பேசவில்லை. கையை உயர்த்திக் கம்பங்களின் உச்சியைக் காட்டினேன்.

ரூபன் போதகரின் மகன். "என்னடா, ஜெபமா? நல்ல யோசனைதான். எல்லாரும் ஹெல்மெட்ட கழட்டுங்கடா."

பத்துத் தலைகள் குனிந்தன. அவற்றின் பின்னால், மெதுவாக, கம்பங்கள் சாய்ந்தன. "ஆமென்" என்றபோது வானம் மட்டும் இருந்தது.

6. நடுவர் திரு. மெக்கில்வேன் பல் மருத்துவர், எதற்கும் பதறாதவர். "கம்பம் இல்லேன்னா என்ன? ஓடலாம், எறியலாம். விதியில அதுவும் இருக்கு. சீக்கிரம் ஆகட்டும், இருட்டுது."

ரூபன் பந்தோடு ஓடினார். கோட்டுக்கு ஓரடி முன்பு எங்கள் வாத்தியக் குழுவின் டிராம்போன்காரர் அவரைக் கட்டிப்பிடித்துத் தரையில் சாய்த்தார். "ஜெயிச்சிட்டோம்டா ரூபன்!" "விடுடா பாவி, இன்னும் முடியலடா!"

முடிந்துவிட்டது. நடுவர் ஊதினார்.

7. பதிவாளர் மேடையில் இருந்தார். இருட்டில் என் பதினேழாம் எண் உள்ளே போனது மட்டும் தெரிந்தது. புள்ளி வரவில்லை. ஆகவே: "ஜெலினெக்: உதை தவறியது." ஒமாஹா நாளிதழ் அதையே அச்சிட்டது.

8. இதில் என் தந்தை சம்பந்தப்படுகிறார். அவர் சோளம் பயிரிடுபவர். ஆட்டம் பார்க்க வந்ததில்லை. தானியக் கிடங்கில் யாரோ அந்த வரியை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். அம்மா, பழம் வைத்துச் சுட்ட கொலாச்சித் தட்டை என் பக்கம் நகர்த்தினார். தந்தை சொன்னார்: "ஒரே ஒரு வேல குடுத்தாங்க."

நான் விளக்கினேன். கம்பம், ரம்பம், ஜெபம். சொல்லச் சொல்ல எனக்கே பொய்போல் கேட்டது.

9. மறுநாள் ஞாயிறு. தேவாலயத்திலிருந்து திரும்பியதும் தந்தை பழைய காற்றாலையின் இரண்டு மரங்களைக் களத்துமேட்டில் நட்டார். குறுக்கே ஓர் ஏணியைக் கட்டினார். தள்ளி நின்றார்.

உதைத்தேன். இடப்பக்க மரத்துக்கு வெளியே போய்விட்டது.

இதைத் தங்களிடம் மறைப்பது முறையல்ல. தந்தை நெடுநேரம் பந்து போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "காத்து" என்றார். அன்று காற்று இல்லை.

ஐயா, நான் தவறவிடக்கூடியவன்தான். அது ஞாயிற்றுக்கிழமை நிரூபணமாகிவிட்டது. சனிக்கிழமை நான் தவறவிடவில்லை. இரண்டும் வேறு வேறு. எனவே அந்த வரியை அடித்துவிட்டு "கம்பம் இல்லை" என்று எழுதவும், திருத்தத்தை ஒமாஹா நாளிதழுக்குத் தெரிவிக்கவும் வேண்டுகிறேன். தானியக் கிடங்கில் அந்த நாளிதழைத்தான் வாசிக்கிறார்கள்.

இடம்: டன்ராவன்
நாள்: 22.11.1938

தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,
லம்பர்ட் ஜெலினெக் (எண் 17)

இணைப்பு: குறுக்குக் கம்பத்தின் துண்டு ஒன்று, ஆறு அங்குலம், வெள்ளை வண்ணம். டிராம்போன்காரர் வருத்தத்துடன் கொடுத்தது. பார்த்தபின் திருப்பி அனுப்பக் கோருகிறேன், தந்தை கேட்டிருக்கிறார்.