ஒரு வருஷத்துக்கு மாற்றிக்கொண்ட பிள்ளைகள்

1938 செப்டம்பர் 1, வியாழன்

காலை ரயிலில் என் மகள் யார்மிலாவை ஜெர்மன்காரர் கஸ்னர் வீட்டில் விட்டுவிட்டு, அவர் மகன் எர்வினைக் கூட்டி வந்தேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்குப் பத்து. எங்கள் மொராவியாவில் வழக்கம்தானே. செக் வீட்டுப் பிள்ளை ஒரு பள்ளி வருஷம் ஜெர்மன் வீட்டில், அவர்கள் பிள்ளை நம் வீட்டில். மறு ஜூனில் இரண்டும் இரண்டு பாஷையோடு திரும்பும். சின்ன வயதில் என்னை மாற்றிக்கொள்ள எவரும் வரவில்லை, எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தால்தானே! நான் ஜெர்மன் கற்றது சந்தையில், திட்டு வாங்கி.

என் மனைவி ரூஷெனா நேற்று வரை முனகினாள். "இந்த வருஷம் வேண்டாம்ங்க. எல்லையில பட்டாளம் நிக்குது."

"மே மாசத்திலேர்ந்து நிக்குது. நாளைக்கு இந்த ஊறுகாய்க் கடையை எடுத்து நடத்தப் போறவ அவ. ஜெர்மன் தெரியாம வியன்னாக்காரன்கிட்ட என்னத்தை விப்பா?"

கஸ்னர் பதினைந்து வருஷமாக எனக்கு வெள்ளரிக்காய் போடுகிறவர். ஒரு மூட்டையில்கூட அடியில் சொத்தை வைத்ததில்லை. அந்த நம்பிக்கைதான்.

செப்டம்பர் 13

நேற்று மாலை ஜெர்மனியை ஆளும் பெர்லின்காரர் வானொலியில் கத்தினார். ரூஷெனாவுக்குப் புரியவில்லை. எனக்கும் எர்வினுக்கும் புரிந்தது.

"மாமா, இவரு யாரைத் திட்டுறாரு?"

"நம்மளைத்தான்."

"நம்மளைன்னா? உங்களையா, என்னையும் சேர்த்தா?"

சாப்பிடுடா என்றேன்.

கஸ்னர் ஊர்ப் பக்கம் செக்கர்களின் கடைக் கண்ணாடிகளை உடைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 24

பட்டாளத்துக்கு அணிதிரட்டல். பீப்பாய் வேலைக்காரர்கள் இருவரும் பெட்டியோடு கிளம்பிவிட்டார்கள், பாடிக்கொண்டே. ரயில் முழுக்கப் பட்டாளத்துக்கு. கஸ்னர் ஊருக்குத் தொலைபேசி போகவில்லை.

செப்டம்பர் 30

முனிச்சில் நாலு நாட்டுக்காரர்கள் உட்கார்ந்து எங்கள் எல்லை ஓரத்தை வெட்டி ஜெர்மனிக்குக் கொடுத்துவிட்டார்கள். எங்களைக் கூப்பிடவே இல்லை. முப்பது வருஷ வியாபாரத்தில், சொந்தக்காரனை வாசலில் நிறுத்திவிட்டு அவன் சரக்கை ஏலம் விட்டதை இன்றுதான் பார்க்கிறேன். இதற்கு லண்டனில் கை தட்டுகிறார்களாம், சமாதானமாம்! ஒரு கூடையை மிரட்டி வாங்கிப் பழகினவன் நாளைக்கு வண்டியைக் கேட்பான். அடுத்தது எந்த நாடோ.

கஸ்னர் ஊர் அந்தப் பக்கம் போகிறது. யார்மிலா அங்கே இருக்கிறாள்.

அக்டோபர் 3

தெற்கே போய்ப் பார்த்தேன். நம் சிப்பாய்களே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எதிரே வண்டி வண்டியாகச் செக்கர்கள், மெத்தையும் கோழிக்கூண்டுமாக. ஒவ்வொரு வண்டியிலும் என் பெண்ணைத் தேடினேன்.

வந்ததும் ரொட்டிக்கடை வோந்த்ரா பிடித்துக்கொண்டான். "யோவ் ஹவ்லேனா, அந்தப் பயலை மட்டும் விட்டுடாதே. உன் பொண்ணு வர்ற வரைக்கும் அவன்தான் உன் பிடி."

"அவன் பத்து வயசுப் பையன்யா."

"அவ மட்டும் என்ன, கிழவியா?"

நிஜத்தைச் சொன்னால், வழியெல்லாம் நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். பிடி! பிள்ளையைப் போய்... பெர்லின்காரன் இங்கே வரவே வேண்டாம் போல, நாமே அவன் மாதிரி ஆகிவிடுவோம்.

எர்வின் காதில் விழுந்திருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்கு வரும்போது காலில் பூட்ஸ், கையில் பை. "மாமா, நான் போனாத்தான் அவ வருவாளா? அப்ப நான் இப்பவே கிளம்புறேன்." ரூஷெனா பையைப் பிடுங்கி மூலையில் எறிந்தாள். அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

அக்டோபர் 9, ஞாயிறு

வந்துவிட்டாள்! வந்துவிட்டாள் என் பொண்ணு!

விடிந்த கொஞ்ச நேரத்தில் பின்வாசலில் கஸ்னர். தார்ச்சாலையில் ஜெர்மன் பட்டாளம் வருகிறதென்று திராட்சைத் தோட்டங்களுக்குள்ளேயே நடத்திக் கூட்டி வந்திருக்கிறார். முழங்கால் வரை சேறு. "உன் பொண்ணு ரொம்பப் பேசுறாய்யா. வழி பூரா வாயை மூடுன்னு கெஞ்சிட்டு வந்தேன்" என்றார்.

எர்வினின் பையை நானே எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் தொடவில்லை.

"அங்கே பள்ளிக்கூடத்துல வாத்தியாரு பசங்களுக்கு அளவெடுக்கிறாரு. பெர்லின்காரன் கட்சியோட பழுப்புச் சட்டைக்கு. வயல்ல கம்பைத் தோள்ல சாத்திக்கிட்டு நடக்கப் பழக்குறாங்க. அவங்களை எதுக்கு வளர்க்கிறாங்கன்னு தெரியாதா எனக்கு? நாம பேசினது ஜூன் வரைக்கும். பையனை நீ வச்சுக்கோ."

"யோவ், என் பொண்ணைக் கொடுத்துட்டே. உன் பையனையும் நானே வச்சுக்கிட்டா இது என்னய்யா மாற்று?"

"மோசமான வியாபாரம்தான். இந்த ஒரு தடவை நஷ்டப்பட்டுக்கிறேன்."

"ஊர்ல கேட்பாங்களே?"

"நீ பிடிச்சு வச்சுக்கிட்டேன்னு சொல்லிக்கிறேன். உன் பேரு அங்கே கெட்டுப்போகும். பரவாயில்லையா?"

"நல்லாக் கெடட்டும்" என்றேன்.

எர்வினைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். ரூஷெனா கொடுத்த ப்ளம் பழ உருண்டையில் இரண்டு தின்றுவிட்டு வந்த வழியே போனார். அவர் முகத்தைப் பார்க்காமல் நான் பீப்பாய் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 6

இரண்டும் அடித்துக்கொள்கின்றன, இரண்டு பாஷையிலும். தலைவலி. நல்ல தலைவலி.

1939 மார்ச் 15, புதன்

பனி கொட்டுகிறது. அன்று கூடை, இன்று வண்டி. நாடு முழுசும் போய்விட்டது. காலையில் ஜெர்மன் பட்டாளம் நம் தெருவிலேயே வந்து நின்றது. ரூஷெனா சன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

அதிகாரி ஒருவன் ஊறுகாய் வாங்க உள்ளே வந்தான். பள்ளிக்குக் கிளம்பி நின்ற எர்வினை உற்றுப் பார்த்தான். "டேய் தம்பி, உன்னைப் பார்த்தா நம்ம பையன் மாதிரி இருக்கே. எந்த ஊரு நீ?"

எர்வின் அவன் முகத்தையே பார்த்தான். "புரியல" என்றான், செக்கில்.

யார்மிலா முன்னால் வந்து நின்றாள். "என் தம்பிக்கு ஜெர்மன் வராதுங்க. எது வேணும்னாலும் என்கிட்ட கேளுங்க." ஜெர்மன் அப்படியே கஸ்னர் ஊர்ப் பேச்சு. அங்கே இருந்ததென்னவோ ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேலேதான். மிச்சத்தைச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று ஒன்றும் தெரியாதவன் மாதிரி விழித்துக்கொண்டிருந்தான்.

அதிகாரி ஊறுகாயை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு பேரையும் பள்ளிக்கு அனுப்பினேன். ராணுவ வண்டிகளுக்கு நடுவே, பனியில் யார் முன்னால் நடப்பது என்று முட்டி மோதிக்கொண்டே போனார்கள்.