பாலத்து வளைவில் கொட்டிய கம்பு

நைனார்பாளையம்,
6.12.1987

அன்புள்ள மகன் அறிவுச்செல்வனுக்கு அப்பா எழுதிக்கொண்டது. நீ நாக்பூரில் நல்ல சுகத்தோடு லாரி ஓட்டிக்கொண்டிருப்பாய் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன், வேறு மாதிரி நினைத்தால் தூக்கம் போய்விடும். எனக்கு உடம்புக்குக் குறையில்லை, முழங்கால் மட்டும் மழை வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. உன் கடைசிக் கடிதம் ஆவணியில் வந்தது. அதற்குப் பிறகு நான் இரண்டு போட்டேன், இரண்டிலும் ஊர் விஷயம், மாட்டு விஷயம் எல்லாம் எழுதி முக்கியமானதை மட்டும் விழுங்கிவிட்டேன். இந்தத் தடவை எழுதிவிடுகிறேன். நீ வண்டி ஓட்டுகிறவன், உனக்குப் புரியும்.

புரட்டாசி பிறக்கும்போது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்தது உனக்கும் பேப்பரில் வந்திருக்கும். ரோடு முழுக்க மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள், ஒரு வாரம் ஒரு டயர் உருளவில்லை. நம் பக்கத்துக் கம்பு அறுத்துக் கட்டாகக் கிடந்தது. ரோட்டில் கொட்டினால்தானே பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்துக் கொடுக்கும், வண்டியே இல்லாத ரோட்டில் கொட்டி என்ன செய்வது. மறியல் முடிந்த மறுநாள் கல்வராயன் மலைப் பக்கம் மழை கருத்துக்கொண்டு வந்தது. ஊரே கதிரைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியது. நான் போவதற்குள் நேர் ரோட்டில் இடமில்லை. பாலத்து வளைவில் யாரும் கொட்டக் கூடாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த முறை, எனக்கும் தெரியும். ஆனாலும் அங்கேதான் கொட்டினேன். பாதி ரோட்டுக்குப் பரப்பி, கதிர் நகராமல் இருக்க ஓரத்தில் வரிசையாகக் கருங்கல்லும் வைத்தேன். நம் நிலத்தில் வேலை செய்கிற அய்யனார்தான் கூட இருந்து பரப்பினான். கல்லை நகர்த்தி வைக்கலாமே மாமா என்று ஒரு வார்த்தை சொன்னான். உன் வேலையைப் பார் என்றேன்.

மத்தியானம் அவன் புல் அறுத்துக் கேரியரில் பெரிய கட்டாகக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வந்தான். நான் கதிரைக் கிளறிவிட்டுக்கொண்டு நிற்கிறேன். இடது பக்கம் கம்பும் கல்லும், அதனால் நடு ரோட்டுக்கு வந்துவிட்டான். பின்னால் ஒரு பஸ். டிரைவர் ஹாரன் அடித்தான், நன்றாகவே அடித்தான், என் காதால் கேட்டேன். புல்லுக்கட்டு மறைப்பதால் அய்யனாருக்குத் திரும்பிப் பார்க்க முடியவில்லை, பஸ்காரன் மெதுவாக வருவான் என்று இவன் நினைத்தான். ஹாரன் அடித்தாயிற்று, ஓரம் போவான் என்று அவன் நினைத்தான். ஓரம் எங்கே இருந்தது, ஓரத்தில்தான் நான் இருந்தேனே. பஸ் பிரேக் பிடித்தும் புல்லுக்கட்டில் உரசி அய்யனார் விழுந்து தொடை எலும்பு முறிந்துபோனது. டிரைவர் கலையரசன் என்று ஒரு பையன், உன் வயதுதான் இருக்கும். கீழே இறங்கி வந்தவனை ஊர் சூழ்ந்துகொண்டது, நாலைந்து அடி விழுந்தது. நான் விலக்கவில்லை. போலீஸ் வந்து கேட்டபோது ஹாரன் சத்தம் கேட்கவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அய்யனாரும் அதையே சொன்னான். என் கம்பும் கல்லும்தான் காரணம் என்று அவன் வாயில் வரவே இல்லை. நம் வீட்டில் கூலி வாங்குகிறவன் எப்படிச் சொல்வான்.

பத்து நாள் கழித்து திருக்கோவிலூரிலிருந்து அந்தப் பையனின் அப்பா பொன்னுரங்கம் என்பவர் நம் வீட்டைத் தேடி வந்தார். பையனை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்களாம், லைசென்ஸும் போய்விடும்போல் இருக்கிறதாம். உட்காருங்கள் என்றால் உட்காரவில்லை. எம் புள்ள ஆரன் அடிச்சானா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க, அடிக்கலன்னா நானே அவன வூட்டுல சேக்க மாட்டேன் என்றார். நான் கவனிக்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தண்ணீர் கூடக் குடிக்காமல் போனார். அறிவு, அந்த மனிதர் தெருக்கோடி திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன். முன்பின் தெரியாத ஊரில் உனக்கு இப்படி ஒன்று நடந்தால் நானும் யார் வீட்டு வாசலிலாவது போய் இப்படித்தானே நிற்பேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் ஸ்டேஷனுக்குப் போய் ஹாரன் அடித்தது, வளைவில் கொட்டியது, கல் வைத்தது எல்லாம் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

அதோடு இந்த ரோட்டில் யாரும் எதுவும் கொட்டக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. டீக்கடை தனசேகரன் நேராகவே கேட்டான், உனுக்கு இன்னா, ஒண்டி ஆளு, நாங்க கொள்ளுச் செடிய எங்க கொட்றது, உள்ளூருக்காரனா இருந்துக்கினு இப்டி செய்யலாமா என்று. அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. இப்போது நான் போய் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகிவிடுகிறது. தீபாவளிக்கு ஒருவரும் வீட்டுப்படி ஏறவில்லை. உன் அம்மா இருந்திருந்தால் என்னைத் திட்டுவதற்காவது ஒரு குரல் இருந்திருக்கும். அய்யனார் மாவுக்கட்டு பிரித்துக் கோல் ஊன்றி நடக்கிறான். நானே கம்முனு கீறேன், நீ எதுக்கு மாமா போயி சொன்ன என்று கேட்டான். அவன் கம்மென்று இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை, அதை அவனிடம் எப்படிச் சொல்வது. அவன் பெண்சாதி இருசம்மாள் என்னிடம் பேசுவதே இல்லை, கொண்டுபோய்க் கொடுக்கிற அரிசியை மட்டும் வாங்கிக்கொள்கிறாள். அந்தக் கம்பு மூட்டையில் அப்படியே கிடக்கிறது, களி கிண்ட மனம் வரவில்லை.

அய்யனார் மாட்டுக்கு இப்போது நான்தான் புல் அறுத்துப்போடுகிறேன். அவன் சைக்கிளையே சக்கரம் நிமிர்த்தி எடுத்துக்கொண்டு போகிறேன். புல்லுக்கட்டை வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தால்தான் தெரிகிறது, முதுகுக்குப் பின்னால் ஹாரன் கேட்டால் உடம்பெல்லாம் கூசுகிறது, எந்தப் பக்கம் ஒதுங்குவது என்றே விளங்குவதில்லை. அதனால் சொல்கிறேன், ஹாரன் அடித்துவிட்டோம், நம் கடமை முடிந்தது என்று இருக்காதே. சைக்கிள்காரன் நடுவில் வந்தால் திமிர் என்று நினைத்துக் கெட்ட வார்த்தை பேசாதே, அவனுக்கு இடது பக்கம் என்ன கிடக்கிறது என்று பார். பள்ளமாக இருக்கும், கல்லாக இருக்கும், என்னைப் போல் ஒரு கிறுக்கன் எதையாவது கொட்டி வைத்திருப்பான். வேகத்தைக் குறைத்து, ஒரு ஆள் படுக்கிற அகலம் விட்டுத் தாண்டு. கண் அசந்தால் வண்டியை ஓரங்கட்டித் தூங்கு, சரக்கு ஒரு நாள் பிந்தினால் யாரும் செத்துவிட மாட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை தபால்காரர் வாசலில் மணி அடித்தார். நீதான் என்று நினைத்துச் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். கார்டு பொன்னுரங்கத்திடமிருந்து வந்தது. பையனுக்குத் திரும்ப வண்டி கொடுத்துவிட்டார்களாம், அந்த வளைவு வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு அப்புறம்தான் எடுக்கிறானாம். கடைசி வரியில், தனியாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன், வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டிருந்தார். இந்த இரண்டு மாதத்தில் என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டது அந்த ஒருவர்தான். அதை உன் கடிதங்கள் இருக்கிற தகர டப்பாவிலேயே வைத்திருக்கிறேன்.

கொளஞ்சியப்பர் சாமி உன் கைக்கும் கண்ணுக்கும் துணையாக இருக்கட்டும், போகிற ரோடெல்லாம் உனக்கு நல்லதாக அமையட்டும். இதோடு ஒரு கார்டு வைத்திருக்கிறேன், நம் வீட்டு முகவரியை நானே எழுதிவிட்டேன், உனக்கு அந்த வேலை இல்லை. என்ன எழுதுவது என்று தோன்றாவிட்டால் பொன்னுரங்கம் கேட்டதையே எழுதிப் போடு, போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கொளஞ்சியப்பன்