குழந்தையுடன் வருபவர்களுக்கு மட்டும்

செப்டம்பர் 29, திங்கள்

என் தம்பியைக் கட்டினவளும், நகராட்சி விழாப் பிரிவுல மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறவளுமான மேடத்துக்கு,

உன் நாத்தனார் எழுதிக்கொண்டது. நான் சுகம். நீ சுகமான்னு கேட்கிற மனசு இன்னிக்கு எனக்கு இல்லை. அதை அடுத்த கடிதத்துல கேட்டுக்கிறேன்.

போன்ல சொன்னா "அண்ணி, மீட்டிங்"னு வச்சுடுவே. வீட்டுக்கு வந்து சொன்னா என் தம்பி நமக்குப் பயந்து டீ போடப் போயிடுவான். புகார் பெட்டியில போட்டா முத்திரை குத்தி, நம்பர் போட்டு, ஏழு நாளைக்குள்ள பதில் எழுதியே ஆகணும்னு பெட்டி மேலேயே எழுதியிருக்கு. மூணாங் கிளாஸ் படிப்புக்கு அவ்வளவு வாசிக்கத் தெரியுது. அதான் பெட்டியில போடுறேன்.

பதினாலு வருஷமா நான் அந்தப் பூங்காவைக் கூட்டுறேன். இலை உதிர ஆரம்பிச்சா, ஞாயித்துக்கிழமை காலையில எல்லாத்தையும் தள்ளிட்டுப் போய், பெரிய மரத்தடி மூலையில என் உசரத்துக்குக் குவிப்பேன். யாரும் சொல்லிச் செஞ்சதில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைங்க வந்து குதிக்கும். அந்த பஸ் கண்டக்டர், நாங்க "டிக்கெட்"னு கூப்பிடுவோமே, அவன் லீவு நாள்ல வந்து நின்னு, "ஒண்ணு, ரெண்டு, மூணு, போலாம் ரைட்"னு விசில் அடிப்பான். உன் பொண்ணு, அந்த வாலு, நடக்கப் பழகினதே அந்தக் குவியல்லதான். நடந்ததைவிட விழுந்ததுதான் ஜாஸ்தி.

இந்த வருஷம் நீ அதை நோட்டீஸ்ல போட்டே. "இலையுதிர் காலக் குடும்ப விழா, ஞாயிறுதோறும். இலவசம் மற்றும் குறைந்த கட்டணம்." ஒம்பது விளையாட்டு. அதுல நாலாவது, "இலைக் குவியலில் குதித்தல், இலவசம்." பார்த்ததும் எனக்குப் பெருமை தாங்கல. நோட்டீசைக் கதவுல ஒட்டி வச்சேன். முழுசா வாசிக்காமதான் ஒட்டியிருக்கேன், என் புத்தியைச் சொல்லணும்.

நேத்து குவிச்சு முடிச்சு, வீட்டுக்குப் போய், ஆரஞ்சுக் கோட்டைக் கழட்டி, குளிச்சு, நல்ல துணி உடுத்தி, ஒரு தடவையாவது விருந்தாளி மாதிரி பார்ப்போம்னு வந்தேன். வாசல்ல கயிறு கட்டி ஒரு காவல்காரன்.

"குழந்தை எங்கம்மா?"

"எந்தக் குழந்தை?"

"குழந்தையோட வர்றவங்களுக்கு மட்டும்தான். நோட்டீஸ்ல கடைசி வரி, பாருங்க."

"ஏப்பா, அந்தக் குவியலைக் குவிச்சதே நான்தான்பா."

"வேலைக்கு வந்தா உள்ள விடுவேன். பார்க்க வந்தா குழந்தை வேணும்."

எனக்குப் பின்னாடி டிக்கெட் நின்னான். அவனுக்கும் அதே பதில். கையிலிருந்த நோட்டீசை மடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிட்டு வந்த வழியே போயிட்டான். எனக்கு நாக்கு நீளம், அரை மணி நேரம் நின்னு கத்திட்டுத்தான் போனேன். உள்ள குழந்தைங்க என் இலையில குதிக்கிற சத்தம் கேட்டுது.

எனக்குப் பிள்ளை இல்லைன்னு ஊருக்கே தெரியும். அதை வாசல்ல போர்டு எழுதி மாட்டணுமா மேடம்?

இப்படிக்கு,
வேலைக்கு வந்தால் மட்டும் உள்ளே விடப்படும்
உன் நாத்தனார்

அக்டோபர் 1, புதன்

அம்மையீர்,

பார்வை: தங்கள் புகார், நாள் செப்டம்பர் 29.

பார்வையில் கண்ட புகார் பெறப்பட்டுப் பரிசீலிக்கப்பட்டது. குழந்தைகளின் பாதுகாப்பைக் கருத்தில் கொண்டு, குழந்தையின்றி வரும் பெரியவர்களை விழாவில் அனுமதிப்பதில்லை என மேலிடத்தில் முடிவெடுக்கப்பட்டுள்ளது. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

விழாப் பிரிவு அலுவலர்

அண்ணி, மேல இருக்கிறது ஆபீஸ் பதில். இது உங்களுக்கு மட்டும். கெஞ்சிக் கேட்கிறேன், இனிமே பெட்டியில போடாதீங்க. தபால் பிரிவுல நாலு பேர் சத்தமா வாசிச்சு முடிச்சுட்டுத்தான் என் மேசைக்கு அனுப்புறாங்க. இன்னிக்குக் காலையில ஒரு கிளார்க் வந்து "சார் டீ நல்லா போடுவாரா மேடம்"னு கேட்கிறான். நான் எங்க போய் முட்டிக்கிறது?

அக்டோபர் 2, வியாழன்

மேடத்துக்கு,

தபால் பிரிவுல வாசிக்கிற நாலு பேருக்கும் முதல்ல வணக்கம். என் தம்பி டீ சுமாராத்தான் போடுவான். சர்க்கரை தூக்கல்.

மேலிடம், மேலிடம்னு எழுதியிருக்கியே, அது எந்த மாடி? உன் ஆபீஸே ரெண்டு மாடிதான், மேல் மாடியில உடைஞ்ச நாற்காலியும் புறாவும்தான் இருக்கு. நான் கூட்டின மாடிதானே அது. புறாவா இந்த முடிவு எடுத்துச்சு?

என் புகாருக்குப் பதிலா "ஒத்துழைப்புக்கு நன்றி"ன்னு போட்டிருக்கே. நான் எங்கடி ஒத்துழைச்சேன்? கயிறு கட்டி வெளியில நிறுத்தினீங்க, நின்னேன். அதுக்குப் பேரு ஒத்துழைப்பா?

நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணு. அந்தக் கடைசி வரியை அடிச்சுடு. பேனா உன்கிட்டதான் இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள அடி.

போன கடிதத்துல விட்டதைக் கேட்டுடறேன்: சுகமா? முதுகு வலி எப்படி இருக்கு? வாலு ஒழுங்கா சாப்பிடுதா?

உன் நாத்தனார்

அக்டோபர் 3, வெள்ளி

அன்புள்ள அண்ணிக்கு,

முதுகு பரவாயில்லை. வாலு சாப்பிடுறா, தட்டுல பாதி, தரையில பாதி.

இதைத் தபால்ல அனுப்பல, உங்க தம்பி கையில கொடுத்து விடுறேன். காலையில உங்க கடிதம் கைக்கு வந்ததிலிருந்து யோசிச்சேன். நோட்டீஸ் ஊர் முழுக்கப் போயாச்சு, இனி வரியை எடுக்க முடியாது. ஆனா உங்களுக்கு ஒரு வழி இருக்கு. காவல்காரர்கிட்ட நானே பேசிட்டேன். நீங்க ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போய் மாத்திக்காம, அந்த ஆரஞ்சுக் கோட்டோடயே வந்துடுங்க. ஊழியர்னு உள்ள விட்டுடுவார். எவ்வளவு நேரம் வேணும்னாலும் நின்னு பாருங்க, யாரும் கேட்க மாட்டாங்க. எனக்குத் தெரிஞ்சு இதைவிட சுலபமான வழி இல்லை. கோபத்தை விடுங்க அண்ணி.

உங்கள் தம்பி மனைவி

அக்டோபர் 4, சனி

மேடம்,

உன் கடிதத்தைத் தம்பி கொடுத்தான். வாசிச்சு முடிக்கிற வரைக்கும் கூட நிக்கல. விவரமானவன்.

கோட்டைப் போட்டுட்டு வரணும். சரி. கையில ஒரு துடைப்பமும் தருவியா? யாராவது உத்துப் பார்த்தா ரெண்டு கூட்டு கூட்டிக் காட்டலாமே. என் சொந்தத் தம்பி பொண்ணு குதிக்கிறதைப் பார்க்க நான் வேலைக்காரி வேஷம் கட்டணும், இதை நீ பேனாவை எடுத்து உட்கார்ந்து எழுதியிருக்கே, "சுலபமான வழி"ன்னு. டிக்கெட்டுக்கு என்ன வழி? அவன் தன் பஸ்ஸையும் கூட்டிட்டு வரணுமா?

ராத்திரி சோறு இறங்கல. எனக்கு! சோறு இறங்காம! நீ பார்த்திருக்கியா அப்படி ஒரு நாளை?

ஆனா ஒண்ணு, உன் புண்ணியத்துல எனக்கும் விதி மேல மரியாதை வந்துடுச்சு. பரண் மேல கிடந்த பணி விதித் தாளை எடுத்து, எழுத்துக் கூட்டி வாசிச்சேன். "அன்றன்று உதிரும் இலைகள் அன்றே மூட்டை கட்டப்பட்டு, காலை பத்து மணிக்குள் லாரியில் ஏற்றப்பட வேண்டும்." பதினாலு வருஷமா நான் பண்ணினது தப்பாம்! ஐயோ, எவ்வளவு பெரிய குத்தம். இனிமே பண்ண மாட்டேன் மேடம். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, சரியா ஒம்பதே முக்காலுக்கு லாரி ஏறிடும்.

உன் கீழ்ப்படிந்த,
பூங்காத் துப்புரவு ஊழியர்

அக்டோபர் 6, திங்கள்

அண்ணி,

சந்தோஷமா? அறுபத்தி மூணு குடும்பம் பேர் கொடுத்திருந்தாங்க. மூலையில மொட்டைத் தரை. ஒரு சின்னப் பொண்ணு அங்க போய் வெறும் தரையில ஒரு குதி குதிச்சுப் பார்த்துட்டு, கால் வலிக்குதுன்னு அழுதுச்சு. பெரிய அதிகாரி நோட்டீசைக் கையில வச்சுக்கிட்டு "நாலாவது எங்கே?"ன்னு என்னைக் கேட்கிறார், எல்லார் முன்னாடியும். நான் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

நானும் பேசுறேன், நீங்க கேளுங்க. இந்த ஊர்ல பிள்ளைங்களைக் கூட்டிட்டு எங்க போனாலும் காசு. ரெண்டு வருஷம் ஃபைலைத் தூக்கிட்டு அறை அறையா நின்னு, ஒம்பது விளையாட்டுல ஏழு இலவசம்னு வாங்கினேன். மீதி ரெண்டும் ஒரு டீ விலை. அதுக்காக ஒரு நல்ல வார்த்தை உங்க வாயிலிருந்து வந்துச்சா?

மேலிடம்னு எழுதினது பொய். அந்த வரியை எழுதினது நான்தான். ஆகஸ்ட்ல ஒரு அம்மா ஆபீசுக்கு வந்து சொன்னாங்க: "இலை குவிக்கிற காலத்துல ஒரு ஆள் தனியா வர்றான், அவனுக்குப் பிள்ளையும் இல்லை, வாராவாரம் குழந்தைங்க நடுவுல நின்னு சிரிக்கிறான்." டிக்கெட்டைத்தான் சொன்னாங்க. எனக்கும் பொண்ணு இருக்கு அண்ணி. பயந்துட்டேன். அவரை மட்டும் வராதேன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால பொதுவா எழுதினேன். எழுதும்போது உங்க ஞாபகமே வரல. அதுதான் நிஜம். உங்களைத் தனி ஆள்னு நான் நினைச்சதே இல்லை. நீங்க எங்க வீட்டு ஆள்.

இப்ப உங்க தம்பியும் என்கிட்ட பேசுறதில்லை. டீ கூட நானே போட்டுக்கிறேன்.

உங்கள் தம்பி மனைவி

அக்டோபர் 8, புதன்

அம்மாடி,

இந்தக் கடிதத்துல மேடம் கிடையாது.

ஏழு விளையாட்டை இலவசமாக்கினது பெரிய காரியம். அதை நான் முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லல. அந்தச் சின்னப் பொண்ணு அழுதது என்னாலதான். அதையும் நான் முழுங்கத்தான் வேணும்.

ஆனா மத்ததை விட மாட்டேன். பயந்தது தப்பில்லை. பிள்ளை வச்சிருக்கிறவ பயப்படத்தான் செய்வா. அந்த அம்மா வந்ததும் உட்கார வச்சுக் கேட்டே. டிக்கெட்டைக் கூப்பிட்டுக் கேட்டியா? வேண்டாம், என்னைக் கேட்டியா? பதினாலு வருஷமா அந்தக் குவியலுக்கு நாலடி தள்ளி நான்தானே நிக்கிறேன்? எவன் கை எங்க போகுதுன்னு பார்க்காமலா நிப்பேன்? மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் வந்தான், மிட்டாய் வச்சுக்கிட்டு. வேலி தாண்டி ஓட ஓட விரட்டினேன். அவன்கூட ஒரு குழந்தையைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் வந்தான். உன் வரி அவனை உள்ள விட்டிருக்கும்.

டிக்கெட் இந்தப் பத்து வருஷத்துல ஒரு குழந்தையைத் தொட்டதில்லை. விழுந்தாக்கூட "அக்கா, தூக்குங்க"ன்னு என்னைத்தான் கூப்பிடுவான். ஏன்னு ஒருநாள் கேட்டேன். "தனி ஆளுக்கா, யாராவது தப்பா நினைச்சுட்டா?"ன்னான். அவ்வளவு பார்த்துப் பார்த்து நின்னவனைத்தான் அனுப்பிட்டீங்க.

என்னை வீட்டு ஆள்னு எழுதியிருக்கே. வாசிக்க இனிப்பாத்தான் இருந்துச்சு. ஆனா வீட்டு ஆளை மட்டும் பின்வாசல் வழியா உள்ள விட்டா, வெளியில நிக்கிறவன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

உன் நாத்தனார்

அக்டோபர் 10, வெள்ளி

சுற்றறிக்கை

இலையுதிர் காலக் குடும்ப விழா நிகழ்ச்சி நிரலிலிருந்து நான்காம் எண் (இலைக் குவியலில் குதித்தல்) நீக்கப்படுகிறது. அந்த இடத்திற்குக் கயிறோ காவலோ தேவையில்லை.

விழாப் பிரிவு அலுவலர்

அண்ணி, பெரிய அதிகாரி ஒப்புதலோட அச்சான வரியை எடுக்க என் கையெழுத்து போதல. ரெண்டு தடவை கேட்டுப் பார்த்துட்டேன். ஒரு விளையாட்டை எடுக்க என் கையெழுத்து போதும். அது நோட்டீஸ்ல இல்லைன்னா நோட்டீஸ் விதியும் அதுக்கு இல்லை. பத்து மணி லாரி விஷயம் நீங்களும் லாரிக்காரரும் பேசிக்கோங்க, என் காதுல போட வேண்டாம். டிக்கெட் வீட்டுக்கு நானே போனேன். கதவு பூட்டியிருந்துச்சு.

அக்டோபர் 13, திங்கள்

அன்புள்ள தம்பி பொண்டாட்டிக்கு,

இதை வாலு பையில வச்சு அனுப்புறேன். வழியில தின்னாம கொண்டு வந்தா உன் அதிர்ஷ்டம்.

நேத்து குவிச்சேன். என் உசரத்துக்கு மேலயே வந்துச்சு, ஒரே வாரத்து இலை. விழாக் கயிறு அந்தப் பக்கமே நின்னுடுச்சு, என் மூலைக்கு நோட்டீசும் இல்லை, மைக்கும் இல்லை, வர்றவங்க வந்தாங்க. தனியா வந்தவங்க, கூட்டமா வந்தவங்க, யார் எவர்னு நான் கேட்கல, கண்ணை மட்டும் எடுக்கல. கல்யாணமாகி ஒரு மாசம்கூட ஆகாத ஜோடி ஒண்ணு கையைக் கோத்துக்கிட்டுக் குதிச்சுது, வெட்கங்கெட்டதுங்க. பயந்து ஆபீசுக்கு வந்தாங்களே ஒரு அம்மா, அவங்களும் வந்திருந்தாங்கன்னு நினைக்கிறேன். என்கிட்ட "அந்த விசில்காரர் வரலையா"ன்னு கேட்டாங்க. நான் துடைப்பத்தை எடுத்து, கூட்டின இடத்தையே திரும்பக் கூட்டினேன்.

டிக்கெட் வரல. டிப்போவுக்கே போய்க் கூப்பிட்டேன். "பார்க்கலாம்க்கா"ன்னான். ஞாயித்துக்கிழமையும் டூட்டி கேட்டு வாங்கிட்டானாம். பிள்ளைங்க ஆளாளுக்கு எண்ணிக்கிட்டு ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துதுங்க. அவன் வராதது எனக்கு ஆறல. நீ நல்லது செஞ்சிருக்கே, இல்லைன்னு சொல்லல. ஆனாலும் ஆறல. சீக்கிரம் ஆறும்னு பொய் சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணு. நீ வேலிக்கு அந்தப் பக்கம் நின்னதை நான் பார்த்தேன். பச்சைச் சட்டை. ஆபீஸ் பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, உள்ள வரலாமா வேண்டாமான்னு நின்னே. நான் கையைத் தூக்கினதும் விறுவிறுன்னு போயிட்டே.

நான் கூப்பிடத்தான் கையைத் தூக்கினேன். கையில துடைப்பம் இருந்துச்சு. அங்கேயிருந்து பார்க்க உனக்கு அது எப்படித் தெரிஞ்சுதோ.

உன் நாத்தனார்