யார்கிட்ட கேட்டீங்க?

ஜூலை 3
இதழியல் வகுப்பின் விவாதப் பக்கத்தில் இந்த வாரக் கேள்வி: உங்கள் வீட்டுக்குள் செய்தி எப்படி நுழைகிறது? நம்முடையதைப் போட்ட பிறகுதான் மற்றவர்கள் எழுதியது திறக்கும். அப்புறம் இரண்டு பேருக்காவது பதில் போட வேண்டும். எல்லாம் மார்க்.

ஒரே மூச்சில் அடித்துவிட்டேன்: "என் அப்பா செய்தித்தாளைத் தொடுவதே இல்லை. உழைக்கும் மக்களுக்குச் செய்தியில் ஆர்வமில்லை." பதில்களா? "அருமையான பார்வை." இன்னொருவருக்கும் அதையே ஒட்டிவிட்டேன். ஆச்சு வேலை.

ஜூலை 4
என் பதிவுக்குக் கீழே தேள் ஒரே வரி போட்டிருக்கிறான். (வகுப்பில் அவனுக்கு அதுதான் பேர். வாயைத் திறந்தால் கொட்டுவான்.) "யார்கிட்ட கேட்டீங்க?"

என் வீடு, என் அப்பா! யார்கிட்டப் போய்க் கேக்கணுமாம்? வாயில நல்லா வருது.

ஜூலை 5
இருந்தாலும், ஏன் தொடுவதில்லை?

ஜூலை 6
கேட்டேன். அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "படிச்சு என்ன ஆகப்போகுது?" விடவில்லை. "நச்சரிக்காதே." அதற்கும் விடவில்லை. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்.

நான் பிறப்பதற்கு முன்பு அவருடைய கம்பெனி வேன் கவிழ்ந்திருக்கிறது. ஓட்டியவர் அப்பாவின் கூட்டாளி. செத்துப்போனார். டிரைவர் தூங்கிவிட்டார் என்று பேப்பரில் வந்தது.

"தூங்கல. பக்கத்து சீட்ல நான்தான் இருந்தேன். பேசிக்கிட்டே வந்தான். பிரேக் பிடிக்கல. என்னை ஒருத்தன் வந்து கேக்கல."

அப்பா மறுபடி பெட்டியை எடுத்தார். எனக்கோ கை பரபரக்குது, எவ்வளவு நல்ல கட்டுரை! சீ, நானெல்லாம் என்ன ஜென்மம்?

ஜூலை 7
அப்பாவிடம் தேள் கேட்ட கேள்வியைச் சொல்லி, வேன் விஷயத்தை எழுதட்டுமா என்றேன். "வேண்டாம்." அவ்வளவுதான். வகுப்பில் கொடுக்க வேண்டிய பருவக் கட்டுரைக்கு வேறு விஷயமே கையில் இல்லை.

ஜூலை 8
விவாதப் பக்கத்தில் போட்டேன்: "நான் எழுதியது தப்பு. இப்போதுதான் கேட்டேன். காரணத்தைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை."
தேள்: "சரி."
சரியாமே! பெரிய மகாராஜா.

ஜூலை 11
அப்பாவே ஆரம்பித்தார். "அந்தத் தேளு அப்புறம் என்ன கேட்டான்?"
"ஒண்ணும் கேக்கலப்பா."
தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "எழுது. எனக்குக் காட்டிட்டு அனுப்பு" என்றார். குதித்தேன்.

ஜூலை 13
கட்டுரை அனுப்ப நாளை கடைசி நாள். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். கடைசிப் பத்தியில் நின்றுவிட்டார்: "டிரைவரின் குடும்பம் அந்தப் பொய்ச்செய்தியை எதிர்த்து இன்றும் குமுறுகிறது."

"இதை யார்கிட்ட கேட்டே?"

அசடு வழிந்தேன். விபத்துக்குப் பிறகு அந்த டிரைவர் வீட்டுப் பக்கமே அப்பா போனதில்லையாம். டிரைவரின் மனைவி முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லையாம். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நாளைக்குக் கிளம்பு, ரெண்டு பேரும் போவோம்."

ஜூலை 14
கட்டுரை அனுப்பவில்லை. மார்க்கைப் பிடித்தால் பிடிக்கட்டும்.

டிரைவர் வீடு மூன்றாவது மாடியில். கதவைத் திறந்தவருக்கு அப்பாவை உடனே அடையாளம் தெரிந்தது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே, "என் பொண்ணு. கேக்க வந்திருக்கா" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தம்மா முந்திக்கொண்டார். "அண்ணா, நான் ஒண்ணு கேக்கறேன். அவர் நிஜமாவே தூங்கிட்டாரா?"

"இல்லம்மா. பேசிக்கிட்டே வந்தான். உன்னைப் பத்தித்தான்."

என்ன பேசிக்கொண்டு வந்தார் என்று நான் அப்பாவைக் கேட்கவே இல்லையே.