செவலைக்கு மட்டும் மருந்து

மார்ச் 3

அன்புள்ள சின்னுவுக்கு,

போன்ல பேசினா சண்டையில முடியுதுன்னு நீதான் எழுதச் சொன்ன. எழுதறேன். அம்மா வீட்டுக்கு ஒரு வாரம்னு போனவ மாசம் தாண்டியும் வரல. கோவமா?

இங்க பண்ணையில நிலவரம் சரியில்ல. நம்ம காளையைச் சேர்த்தும் ஒரு பசுகூட சினை பிடிக்கல. நம்ம செவலைப் பசு மறுபடியும் பருவத்துக்கு வந்து கத்தறா. எனக்குத் தீவன வியாபாரி மேலதான் சந்தேகம். புண்ணாக்குல எதையோ கலக்கறான், கண்ணைப் பாத்தே பேச மாட்டேங்கறான். பக்கத்துப் பண்ணைக்காரன் வேற வேலியோரம் நின்னு எட்டி எட்டிப் பாக்கறான். எதுக்கும் இருக்கட்டும்னு தண்ணித் தொட்டிக்கு மூடி போட்டுப் பூட்டிட்டேன்.

எங்க அம்மா உன்னைக் கேட்டாங்க. மருந்தை விடாம சாப்பிடு.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 9

என்னங்க,

கோவமான்னு ஒரு கேள்வியா? கோவம்தான். கல்யாணமானதுலேருந்து மாத்திரையும் ஊசியும் எனக்கு, கையை வீசிட்டு நடக்கறது நீங்க. உங்க அம்மா என்னைக் கேட்டாங்களாக்கும்! உங்க அக்கா உங்களுக்கு வேற பொண்ணு தேடறதா என் காதுல விழுந்துச்சு. நிஜமா, பொய்யா? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

தண்ணிக்குப் பூட்டு போட்டா மாடு சாவிக்கு யார்கிட்ட போகும்? நல்ல கூத்து. செவலையை டாக்டர்கிட்ட காட்டுங்க. நான் புட்டியில பால் குடுத்து வளர்த்தவ, கை நீட்டிடாதீங்க.

உங்கள் சின்னு

மார்ச் 20

அன்புள்ள சின்னுவுக்கு,

மாட்டு டாக்டர் வந்தார். எல்லாப் பசுவையும் கை விட்டுப் பாத்துட்டு, கருப்பையில குறையே இல்லைங்கறார். அந்த ஆளையும் நம்ப முடியல. பக்கத்துப் பண்ணையில உக்காந்து டீ குடிச்சுட்டுத்தானே இங்க வர்றார்!

செவலைக்குத் தாது உப்பு குடுத்தாச்சு, கருப்பை கழுவியாச்சு, ஊசியும் போட்டாச்சு. ம்ஹூம். நேத்து கறிக்கடைக்காரன் வண்டியில ஏத்திட்டேன். மனசு கேக்கல, என்ன பண்ண? காய்க்காத மரத்துக்குத் தண்ணி எதுக்குன்னு அம்மா கேட்டாங்க. மாட்டைத்தான் சொன்னாங்க, நீ ஒண்ணும் நினைச்சுக்காதே. அக்கா விஷயம் சும்மா பேச்சு.

உன் வீட்டுக்காரன்

ஏப்ரல் 2

சின்னு,

பதிலே காணோமே. யாராவது என் கடிதாசியை உன்கிட்ட குடுக்காம வச்சிருக்காங்களா?

ஒரு சேதி. டாக்டர் விடாப்பிடியா நின்னு காளையோட விந்தை எடுத்துப் பாத்துட்டார். அதுல உயிரே இல்லையாம்! மலை மாதிரி நிக்குது, யாருக்குத் தோணும் சொல்லு. பக்கத்துப் பண்ணைக்காரனுக்கு ஆரம்பத்துலேருந்தே அது மேலதான் சந்தேகமாம், அதான் எட்டிப் பாத்தானாம். செவலை பாவம்.

ஞாயித்துக்கிழமை உன்னைக் கூப்பிட வர்றேன். டவுன்ல ஒரு பெரிய டாக்டரம்மா இருக்காங்களாம். உன் மருந்தை மாத்திப் பாப்போம்.

உன் வீட்டுக்காரன்

ஏப்ரல் 6

என்னங்க,

செவலை போன சேதி வந்த நாளா எனக்குச் சோறு எறங்கல. பாவம்னு ஒரு வார்த்தையில முடிச்சுட்டீங்க.

தீவனக்காரன், பக்கத்துக்காரன், டாக்டர், தண்ணின்னு எல்லார் மேலயும் சந்தேகப்பட்டீங்களே, காளை மேல ஏன் வரல? இப்ப எனக்கு இன்னொரு டாக்டரம்மாவா? இருக்கற டாக்டரம்மா போறப்பல்லாம் உங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. "எனக்கென்ன குறை?"ன்னு சட்டையை மாட்டிட்டுக் கிளம்பிடுவீங்க.

உங்களுக்குக் குறைன்னு நான் சொல்லல. அப்படியே இருந்தாலும் விட்டுட்டுப் போற ஆளும் நான் இல்ல. புள்ளை இல்லாட்டியும் உங்களோட இருந்துடுவேன். ஒரே ஒரு தடவை டெஸ்ட் எடுத்துட்டு வாங்க. எடுக்காம வந்தா கதவைத் திறக்க மாட்டேன்.

உங்கள் சின்னு

ஏப்ரல் 12

சின்னுவுக்கு,

இது நீ எழுதின மாதிரியே இல்ல. உங்க அண்ணன் பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்ல எழுதினியா? மாட்டையும் மனுஷனையும் ஒண்ணா வச்சுப் பேசறதுக்கு உனக்கு யார் சொல்லிக் குடுத்தா? ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை இருந்துச்சு, வர முடியல. நீயா யோசிச்சு நல்லபடியா வந்து சேரு. அக்கா சும்மா இருக்க மாட்டேங்கறாங்க.

காளையைத் தள்ளி விட்டாச்சு. வாங்கினவர் தூரத்துக்காரர், நாலு பசு வச்சிருக்காராம். பாக்க நல்லா இருக்குன்னு ஓட்டிட்டுப் போனார். அவரும் கேக்கல, நானும் சொல்லல.

உன் வீட்டுக்காரன்

ஏப்ரல் 17

காளையை வாங்கினவரோட விலாசத்தை மட்டும் அனுப்புங்க. அவர் வீட்டுப் பசுவை வண்டியில ஏத்தறதுக்கு முன்னாடி அவருக்கு நான் எழுதணும்.

உங்களுக்கு எழுத எனக்கு வேற எதுவும் இல்ல.