தாத்தா பிறந்த ஊர்

தம்பிக்கு,

நீ தபாலில் அனுப்பிய தாள் வந்தது. தாத்தா அயர்லாந்தில் பிறந்து, அங்கேயே ஐந்து வருடம் சேணம் தைக்கப் பழகியவர் என்று நான் உறுதிமொழி தர வேண்டுமாம். அதை வைத்து உனக்கு அந்த நாட்டு பாஸ்போர்ட் கிடைக்குமாம்.

நேற்றுப் பல்லாவரம் மாதா கோயிலுக்குப் போய் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தேன். அயர்லாந்தில் தொழில் பழகி வந்தவர் தாத்தாவின் அப்பா. தாத்தா பிறந்தது பல்லாவரத்தில். அவர் தாய் பெயர் குப்பம்மா; உன் தாளில் அந்தப் பெயரே இல்லை.

"உங்க தம்பி போன மாசமே வந்து இந்தப் பக்கத்த போட்டோ எடுத்துகினு போனாரே, தெரியாதாக்கா?" என்றாள் பதிவேட்டைக் காட்டிய பெண்.

அங்கிருந்து செம்பாக்கத்தில் என் வீட்டுக்கு வர உனக்கு அரை மணி நேரம்கூடவா இல்லை? அல்லது என் முகத்தைப் பார்த்துக் கேட்க முடியவில்லையா?

குப்பம்மாவை மறைக்கும் தாளில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். நீ வந்தால் சோறு போடுவேன்.

உன் அக்கா